ஒரு குதிரையில் ஐந்தில் ஒரு பங்கு

எங்கள் வீட்டில் ‘ரேஸ்’ என்ற சொல்லைச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் எடுப்பதில்லை. என் தாத்தாவின் தம்பி கிண்டிக்குப் போய்வந்தே மயிலாப்பூர் வீட்டில் தமக்கு வந்த பாகத்தைத் தொலைத்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத செய்தி. ஆகவே 2018-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரைக்கு உரிமையாளனாகப் பதிவு செய்துகொள்ளப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவுடா கட்டினே?” என்பதுதான். கட்டவில்லை அம்மா, வாங்குகிறேன் என்றேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அவருக்கு விளங்கவில்லை. மூன்றாண்டுகள் கழித்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கும் அது அவ்வளவு தெளிவாக விளங்கவில்லை.

குதிரை வாங்குவது எப்படி என்று அவ்வப்போது என்னிடம் கேட்பவர்கள் உண்டு. விலையைத்தான் கேட்கிறார்கள். விலை, இதில் மிக எளிய பகுதி. பந்தயக் குதிரையின் உரிமையாளர் என்பவர், ஒரு பெரிய விலங்கின் மீது தமக்குள்ள உரிமைகளை ஒவ்வொரு படிவமாகக் கையொப்பமிட்டுப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறவர். கடைசியில் அவரிடம் மிஞ்சுவது மாதாந்தரப் பட்டியலும், விடியற்காலையில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் உரிமையும்தான். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அப்படி இருப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்பதையும், அவை பெரும்பாலும் நல்ல காரணங்கள் என்பதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் இரண்டாவது கேள்வி, இது சட்டப்படி சரிதானா என்பது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தின் மீது பணம் கட்டுவதை ஒழிக்க 1974-இல் ஒரு சட்டமும், மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள 1986-இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. வழக்கு நெடுங்காலம் நடந்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்த விளையாட்டு, அதைச் சூதாட்டமாகக் கருத முடியாது என்று தீர்ப்பளித்தது. 1986 சட்டத்தையும் செல்லாது என்றது. குதிரையின் வம்சம், உடல்நிலை, பயிற்சி, ஜாக்கியின் கைவண்ணம் ஆகியவற்றை ஆராய்ந்து முடிவுசெய்வது அதிர்ஷ்டத்தை நம்பிச் சீட்டெடுப்பதைப் போன்றதன்று என்பதே வாதத்தின் சாரம். தாத்தாவின் தம்பிக்கு இந்தத் தீர்ப்பு முப்பது ஆண்டுகள் தாமதமாக வந்தது.

இந்தியாவில் பந்தயத்துக்கு ஒரே ஒரு தலைமை அமைப்பு என்று எதுவுமில்லை. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா, மும்பையும் புனேயும் சேர்ந்த மேற்கிந்தியப் பகுதி என ஐந்து ‘டர்ஃப் அத்தாரிட்டி’கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் தனி விதிப்புத்தகம், விதிகளைக் காத்து விசாரிக்கும் தனி ஸ்டீவர்டுகள். ஆனால் ஓரிடத்தில் தகுதி இழந்தவரை மற்ற நான்கிடங்களும் ஏற்பதில்லை. கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடியிருக்கின்றன. கிளப் 1896-இல் தொடங்கப்பட்டது. மைதானத்தின் 160 ஏக்கர் நிலம், 1945-இல் ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையாகத் தரப்பட்டது. 2024-இல் வாடகை நிலுவையைக் காரணம் காட்டி, ஜூனில் ஊட்டி மைதானத்தை அரசு கையகப்படுத்தியதும், செப்டம்பரில் கிண்டியின் கதவுகளுக்கு முத்திரை வைத்ததும் செய்திகளில் வந்தவை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நான் எழுதுவது அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி. குதிரை கட்டப்பட்டிருக்கும் லாயத்தின் நிலம் யாருடையது என்று அப்போது எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

எங்களை ஒன்றுசேர்த்தவர், கல்லூரிக் காலத்திலிருந்து பந்தயப் புத்தகத்தைப் பஞ்சாங்கம் போலப் படிக்கும் நண்பர் ஒருவர். அவருக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, குதிரையைக் குத்தகைக்கு எடுப்பது: வளர்ப்புப் பண்ணை தன் பெயரிலேயே குதிரையை வைத்துக்கொள்ளும்; பராமரிப்புச் செலவு நம்முடையது; வெல்லும் பரிசில் பண்ணைக்கு ஒரு பங்கு. மற்றொன்று, நேராக விலைக்கு வாங்குவது. புதியவர்களுக்குக் குத்தகையே நல்லது என்று அவர் தெளிவாகச் சொன்னார். முதலீடு இல்லை, குதிரை பயன்படாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாங்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, விலைக்கே வாங்கினோம். ஐந்து நடுத்தர வயது ஆண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும்போது யாராவது ஒருவராவது அறிவோடு பேசுவார் என்று எதிர்பார்ப்பது தவறு.

இரண்டு வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், பின்னங்கால் ஒன்றில் வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் ஒரு பட்டை. விலை நான்கரை லட்சம் ரூபாய். புகழ்பெற்ற பண்ணைகளின் முதல்தரக் குட்டிகளுக்குக் கொடுக்கப்படும் விலைகளோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. வயதைச் சொல்லும்போது ஒன்றை விளக்க வேண்டும். பந்தயக் கணக்கில் இங்கே எல்லாக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூடும். ஜனவரிக் கடைசியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் காகிதத்தில் சமவயது. மைதானத்தில் அப்படி இல்லை. எங்களுடையது ஏப்ரலில் பிறந்தது என்பதைப் பணம் கொடுத்த பிறகுதான் கவனித்தோம்.

குதிரையோடு ஒரு பாஸ்போர்ட்டும் வந்தது. அது நம்முடையதைவிடக் கண்டிப்பானது. தந்தை, தாய், தாயின் தந்தை என்று வம்சம். மரபணுச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட பெற்றோர். கழுத்தில் பதித்திருக்கும் சில்லின் எண். பிறகு குதிரையின் வெறும் கோட்டுருவப் படங்களும், அவற்றின் மேல் ஒரு மருத்துவர் கையால் வரைந்து குறித்த வெண்திட்டுகளும் சுழிகளும். ஆம், சுழிகள். மாட்டுத்தாவணியில் சுழி பார்த்து வாங்கும் நம்மவர்களின் கலை, இந்தப் பாஸ்போர்ட்டில் அடையாளச் சான்றாக உட்கார்ந்திருக்கிறது. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, குதிரைக்கு நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழலும் இடம் அப்படி. லாயத்துக்கு வந்த முதல் நாளே எங்கள் சைஸ், அதாவது குதிரையைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர், ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெரியவர், பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் குதிரையைப் பார்த்து, “நெத்திச் சுழி நல்லா இருக்கு சார், கழுத்துல இருக்கிறதுதான் கொஞ்சம் செலவு வைக்கும்” என்றார். பிற்பாடு நடந்ததை வைத்துப் பார்த்தால், வம்சாவளிப் பட்டியலைவிட அவர் சொன்னதே துல்லியமாக இருந்தது.

நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நினைவுக்கு வராமல் தமிழர் ஒருவர் குதிரை வாங்க முடியாது. பாண்டியன் கொடுத்த பணத்தில் வாதவூரர் கோயில் கட்டினார். லாயத்துக்கு வந்து சேர்ந்த குதிரைகள் இரவோடு இரவாக நரிகளாயின. நம் இலக்கியத்தில் குதிரைக் கொள்முதல் தொடர்பான முதல் தணிக்கை ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும். விற்பனைப் பட்டியலில் பரியாகத் தெரிந்தது முதல் பந்தயத்தில் நரியாகத் தெரிவது இன்றும் நடப்பதே. ஆனால் அதே பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியது இன்னும் கசப்பானது: அரசன் ஆண்டுதோறும் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை, இறைச்சியோடு சோறு சமைத்துப் போடுகிறார்கள். குதிரையை விலை கொடுத்து வாங்குவது வேறு, இந்த வெயிலில் அதை உயிரோடு வைத்திருப்பது வேறு என்பது எழுநூறு ஆண்டுப் பழைய பாடம்.

உரிமையாளர் பதிவுக்கு வருகிறேன். பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் பந்தயக் குதிரை வைத்துக்கொள்ள முடியாது. கிளப்பின் ஸ்டீவர்டுகள் உங்களை ஏற்க வேண்டும். விண்ணப்பத்தில் தொழில், முகவரி, நிரந்தரக் கணக்கு எண், வருமான வரிக் கணக்குகளின் நகல்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றோடு, நம்மை அறிந்தவர்கள் நமக்காகக் கையெழுத்திட வேண்டும். வேறெங்காவது பந்தயத் தொடர்பில் தடை செய்யப்பட்டிருக்கிறோமா, யாருக்காவது பாக்கி வைத்திருக்கிறோமா என்ற கேள்விகளும் உண்டு. என் திருமணத்துக்குக்கூட இவ்வளவு விசாரித்ததாக நினைவில்லை. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் எளிது. குதிரை தோற்பதால் லாபம் அடையக்கூடிய ஒருவர் உரிமையாளராக வந்துவிட்டால், அந்தப் பந்தயத்தில் பணம் கட்டிய ஆயிரம் பேரும் ஏமாற்றப்படுவார்கள். ஆகவே பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ‘பினாமி’ முறையை இங்கே விதிகள் விடாமல் துரத்துகின்றன. பங்காளிகள் எத்தனை பேரோ அத்தனை பேரும் தனித்தனியே பதிவு பெற வேண்டும். பங்குவீதத்தை எழுத்தில் தர வேண்டும். நிறுவனத்தின் பெயரில் வைத்திருந்தால் அதன் பிரதிநிதி யார் என்பது பந்தயப் புத்தகத்திலேயே அச்சாகும்.

எங்கள் ஐவரின் பெயரும் அந்தப் புத்தகத்தில் ஒரே வரியில் காற்புள்ளிகளோடு அச்சானபோது, எந்தப் பெயரை முதலில் போடுவது என்பதற்காக இரண்டு வாரம் விவாதித்திருந்தோம். இது வெறும் பெருமைச் சண்டையன்று. முதலில் பெயர் வருபவரின் நிறங்களையே ஜாக்கி அணிவார். கிளப்பிலிருந்து வரும் கடிதங்களும் கணக்குகளும் நடைமுறையில் அவருக்கே வரும். என் ஆலோசனை: யார் மின்னஞ்சலை ஒழுங்காகப் படிப்பாரோ அவர் பெயரை முதலில் போடுங்கள். நாங்கள் வயதில் மூத்தவரின் பெயரைப் போட்டோம்.

நிறங்களைத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த மொத்த அனுபவத்தில் என் மனைவி ஆர்வம் காட்டிய ஒரே கட்டம். மாம்பழ மஞ்சளும் அரக்கும் என்று அவர் உடனே சொல்லிவிட்டார். ஆனால் காஞ்சிபுரத்தின் நுணுக்கத்துக்கு இங்கே இடமில்லை. சட்டைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று, ஏற்கெனவே பதிவான எதனோடும் குழம்பாத ஒரு சேர்க்கையைச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு அப்பால் தூசிக்குள் வரும் பன்னிரண்டு குதிரைகளில் நம்முடையதை வர்ணனையாளர் ஒரே பார்வையில் பிரித்தறிய வேண்டும் என்பதே அளவுகோல். கடைசியில் மஞ்சள் சட்டை, அரக்குக் கை, மஞ்சள் தொப்பி. பெயருக்கும் இப்படியே: இடைவெளி உட்பட ஆங்கில எழுத்தில் 18 குறிகளுக்குள் அடங்க வேண்டும், புகழ்பெற்ற பழைய குதிரைகளின் பெயர் கூடாது, உயிரோடிருப்பவர் பெயரை அவர் ஒப்புதல் இல்லாமல் வைக்கக் கூடாது. நாங்கள் ஆசையாக அனுப்பிய நதிப்பெயர்கள் இரண்டும் முன்பே எடுக்கப்பட்டிருந்தன. மூன்றாவது தேர்வு கிடைத்தது. அதை இங்கே எழுதவில்லை, பங்காளிகளில் இருவர் இன்னும் தங்கள் வீட்டில் சொல்லவில்லை. லாயத்தில் அவளுக்கு ‘அம்முலு’ என்று பெயர். சைஸ் வைத்தது. எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

பிறகு வந்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான காகிதம். நம் சார்பில் குதிரையைப் பந்தயங்களுக்குப் பதிவு செய்யவும், விலக்கவும், ஜாக்கியை அமர்த்தவும் பயிற்சியாளருக்கு அதிகாரம் அளிக்கும் கடிதம் அது. அதில் கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து குதிரை எப்போது ஓடும், எந்தத் தூரம் ஓடும், யார் ஏறுவார், என்ன தின்னும் என்பதில் எனக்குச் சட்டப்படி மிஞ்சியது கருத்துச் சொல்லும் உரிமைதான். தொடக்கத்தில் அந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்தினேன். ஒரு நாள் பயிற்சியாளர் மிகுந்த மரியாதையோடு, “சார், நீங்க ஆடிட்டர்கிட்ட போய் எந்த காலம்ல என்ன எழுதணும்னு சொல்லுவீங்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை மட்டும் தொலைபேசியில் பேசினேன்.

காலையில் போய்ப் பார்த்தால் அவர் சொன்னதன் பொருள் புரியும். நான்கரை மணிக்கு லாயம் விழித்துவிடும். வெயில் ஏறுவதற்குள் ஓட்டப் பயிற்சியை முடிக்க வேண்டும், ஏனென்றால் ஏறத்தாழ 450 கிலோ உடல் எழுப்பும் வெப்பத்தை வியர்வையால்தான் தணிக்க முடியும். சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோய்விடும். தோல் காய்ந்து, மூச்சு வாங்கி, ஓடத் தகுதியற்றுப் போய்விடும். அந்தக் குதிரைகளுக்குக் குளிர்ந்த இடமே மருந்து. கோடைப் பந்தயங்கள் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஊட்டிக்கு மாறிவந்த வழக்கம் வெள்ளைக்காரர்களின் சொகுசுக்காக ஏற்பட்டிருக்கலாம். குதிரைகளுக்கு அது உயிர்க்காப்பாக இருந்தது.

தீனியைப் பற்றி எனக்கிருந்த ஒரே அறிவு, கொள்ளென்றால் வாயைத் திறப்பதும் கடிவாளமென்றால் வாயை மூடுவதும் என்ற பழமொழிதான். இன்றைய லாயத்தில் ஓட்ஸும், வேகவைத்த பார்லியும், தவிடும், உப்பும் முதன்மை, பச்சைக்குக் குதிரைமசால். அதை லூசர்ன் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், நம் ஊரில் அதற்கு வைத்த பெயரிலேயே குதிரை இருக்கும்போது. குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்கு மிகச் சிறியது என்பதால் ஒரேயடியாகப் போடாமல் நாளில் பலமுறை சிறிது சிறிதாகப் போட வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியாது. ஆகையால்தான் சாதாரண வயிற்றுவலி ஒன்று ஓரிரவில் குதிரையைக் கொன்றுவிடுகிறது. ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு அம்முலு தரையில் புரள்கிறாள் என்று செய்தி வந்து நான் போய்ச் சேர்வதற்குள், மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் இறக்கியிருந்தார்; சைஸ் அவளைப் படுக்கவிடாமல் முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தார். மூன்று மணி வரை நடந்தார். உரிமையாளனாகிய நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மாதச் செலவு, பயிற்சிக் கட்டணம், தீனி, சைஸ் சம்பளம், லாடம், மருத்துவம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 40,000 ரூபாய்க்கும் 50,000 ரூபாய்க்கும் இடையில் வந்தது. லாடம் மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பயிற்சிக்கு இரும்பு, பந்தயத்துக்கு எடை குறைந்த அலுமினியம். ஊட்டிக்கு ஏற்றிச்செல்லும் குதிரை வண்டிக்குத் தனிக் கூலி. பந்தயத்தில் சேர்க்கும்போது ஒரு கட்டணம், சுமை எடைகள் வெளியான பின் ஓடுவதாக உறுதிசெய்யும்போது மற்றொரு கட்டணம். ஜாக்கிக்கு ஏறும் கூலி. வென்றால் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் பரிசில் விழுக்காடு. காப்பீடு எடுக்கலாம், ஆனால் அது குதிரை இறந்தால்தான் கிடைக்கும், நொண்டினால் கிடைக்காது. நாங்கள் எடுத்திருந்தோம். அவள் நொண்டினாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிய குதிரை நேரே பந்தயத்துக்குப் போய்விடாது. புறப்படும் கூண்டுக்குள் அமைதியாக நின்று, கதவு திறந்ததும் ஒழுங்காக வெளிவருகிறதா என்று சோதிப்பார்கள். பிறகு ‘மாக் ரேஸ்’ எனப்படும் ஒத்திகைப் பந்தயம். அம்முலு இரண்டு முறை கூண்டுக்குள் போக மறுத்தாள். மூன்றாவது முறை கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டார்கள்.

போட்டியின் அமைப்பு புதியவரைக் குழப்பக்கூடியது. ஓடிய பந்தயங்களை வைத்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மதிப்பெண் தரப்படுகிறது. அந்த மதிப்பெண்ணைப் பொறுத்து வகுப்பு. ஒரே வகுப்புக்குள் மதிப்பெண் கூடிய குதிரை கூடுதல் சுமையைத் தூக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ. எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் முடிவுக்கோட்டைத் தொட வேண்டும் என்பதே சுமை வகுப்பவரின் கனவு. நடுத்தரக் குதிரையின் உரிமையாளருக்கு இதில் ஒரு கொடுமை இருக்கிறது: வென்றால் மதிப்பெண் ஏறும், அடுத்த முறை ஏழெட்டு மதிப்பெண்ணுக்குரிய ஈயம் சேணத்தில் ஏறும், அல்லது மேல் வகுப்புக்குத் தள்ளப்பட்டு அங்கே கடைசியில் வருவாள். தோற்றுக்கொண்டே இருந்தால் மதிப்பெண் இறங்கி, என்றாவது ஒரு நாள் வெல்லக்கூடிய இடத்துக்கு வரலாம். வேண்டுமென்றே அப்படி இறக்குவது குற்றம். ஒவ்வொரு குதிரையும் தன் முழுத் தகுதிக்கு ஓட வேண்டும் என்பது அடிப்படை விதி, ஐயம் எழுந்தால் ஸ்டீவர்டுகள் ஜாக்கியையும் பயிற்சியாளரையும் அழைத்துக் காணொளியை ஓட்டிக் கேட்பார்கள். எங்கள் குதிரையை யாரும் ஐயப்பட்டதில்லை. அவளுடைய தோல்விகள் எல்லாம் நேர்மையாகவே தெரிந்தன.

அவள் ஒரே ஒரு முறை வென்றாள். 2019 வைகாசி, ஊட்டி, மழை பெய்து ஓய்ந்த பிற்பகல், 1,200 மீட்டர், கடைசி வகுப்பு. கழுத்தளவு வேறுபாடு. வெற்றிக் குதிரையைக் கடிவாளம் பிடித்து அழைத்துவருவது உரிமையாளரின் உரிமை என்பதால் நாங்கள் ஐவரும் ஒரே கயிற்றைப் பிடிக்க முயன்று, ஒளிப்படத்தில் குதிரையின் முகமே தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் சைஸ் நிற்கிறார். அவர் குதிரையைப் பார்க்கவில்லை, அதன் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பரிசுத்தொகை எங்கிருந்து வருகிறது என்பதை உரிமையாளர்கள் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அது பந்தயம் கட்டுகிறவர்களின் பணம். கட்டுகிறவர்களின் பணத்தைத் திரட்டி வென்றவர்களுக்குப் பகிரும் ‘டோட்’டில் கட்டப்படும் தொகையிலிருந்து கிளப் எடுத்துக்கொள்ளும் விழுக்காடும், தனியாகப் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் கிளப்புக்குக் கட்டும் கட்டணமும் வற்றினால் பரிசும் வற்றும். 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி., கட்டும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு என்று ஆனபோது, கட்டுகிறவர்களில் பலர் வரி இல்லாத கள்ளக் கணக்குக்குப் போனார்கள் என்பதே மைதானத்தில் எல்லோரும் சொன்ன புகார். 2025 செப்டம்பரில் விகிதம் 40 ஆகிவிட்டது. ஆக, தாத்தாவின் தம்பி போன்றவர்கள் தோற்ற பணத்தில்தான் என்னைப் போன்றவர்களுக்குக் கோப்பை கிடைக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வருமான வரியில் ஒரு நுட்பம், குதிரை வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது. எங்கள் ஆண்டுகளில் நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பந்தயத்தில் பணம் கட்டி வென்றவருக்கு நேராக 30 விழுக்காடு வரி. செலவு எதையும் கழிக்க முடியாது. குதிரையை வைத்துப் பராமரித்து ஓட்டும் உரிமையாளர் அந்தப் பிடியிலிருந்து விலக்கப்பட்டவர். பரிசுப் பணத்திலிருந்து தீனியையும் சம்பளத்தையும் அவர் கழித்துக்கொள்ளலாம். மகிழ்ச்சி அத்தோடு முடிகிறது. 74ஏ பிரிவின்படி இதில் வரும் இழப்பை வேறெந்த வருமானத்தோடும் ஈடுசெய்ய முடியாது. குதிரை வருமானத்தோடு மட்டுமே ஈடுசெய்யலாம். அதுவும் நான்கு ஆண்டுகள் வரை மட்டுமே எடுத்துச் செல்லலாம். என் தணிக்கையாளர் இதைச் சொல்லிவிட்டு, “நாலு வருஷத்துல இன்னொரு ரேஸ் ஜெயிச்சா யூஸ் பண்ணிக்கலாம் சார்” என்றார், சிரிக்காமல்.

2020 மார்ச்சில் நாடெங்கும் பந்தயங்கள் நின்றன. பந்தயம் நின்றாலும் வயிறு நிற்காது. தொழிற்சாலையை மூடிவைக்கலாம், காரை உறை போட்டு நிறுத்திவைக்கலாம். பந்தயக் குதிரையை இரண்டு நாள் லாயத்துக்குள்ளேயே நிறுத்தினால் அதன் தசையும் வயிறும் கெடும். லாயத்தின் சைஸ்கள் பலர் உள்ளேயே தங்கிவிட்டார்கள்; எங்களவரும் ஏழு வாரம் வீட்டுக்குப் போகவில்லை. வருமானமே இல்லாத அந்த மாதங்களில்தான் பங்காளித்தனத்தின் உண்மை முகம் வெளிப்பட்டது. ஐவரில் ஒருவர் ஏப்ரலில் தாமதித்தார், மே மாதம் தொலைபேசியை எடுக்கவில்லை, ஜூனில் குதிரையில் தமக்கு இனி விருப்பமில்லை என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். பாக்கி வைக்கும் உரிமையாளரைப் பற்றிப் பயிற்சியாளர் கிளப்பிடம் முறையிட்டால், அவர் பெயர் தவணை தவறியவர் பட்டியலில் ஏறும். அவர் பங்கு வைத்திருக்கும் குதிரை ஓட முடியாது. குதிரையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்திவைக்க வழியில்லை அல்லவா? ஆகவே மற்ற நால்வரும் அவர் பங்கைச் சுமந்தோம். வாங்கும்போதே, விலக விரும்புபவர் எத்தனை மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும், பங்கு யாருக்கு எந்த விலைக்குப் போகும், மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பு என்ன என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்றுதான் நாங்களும் சொன்னோம்.

பார்வையாளர் இல்லாமல் பந்தயங்கள் மீண்டும் தொடங்கிய பிறகு அவள் மூன்று முறை ஓடினாள். 2021 பிப்ரவரியில் ஒரு காலைப் பயிற்சியில், வளைவு திரும்பும்போது ஓட்டம் தடுமாறியது. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை என்பதே இல்லை, எலும்பும் நாணும்தான். முழு வேகத்தில் அந்த மொத்த எடையும் ஒரு காலின் பின்புற நாணில் விழுகிறது. அது நைந்துவிட்டால் இரத்த ஓட்டம் குறைவான இடமாதலால் ஆறுவதற்கு ஓராண்டு ஆகலாம். ஆறினாலும் பழைய வலிமை திரும்புவது ஐயம். மருத்துவர் மீயொலிப் படத்தைக் காட்டி, கறுப்பாகத் தெரிந்த ஓட்டை ஒன்றைச் சுட்டினார். பயிற்சியாளர் நாங்கள் கேட்குமுன்பே, இனி ஓட்ட வேண்டாம் என்றார். மாதாமாதம் வரும் கட்டணத்தை இழக்கும் முடிவு அது, அவர் தயங்கவில்லை.

ஓய்வுக்குப் பின் என்ன என்பதை வாங்கும் நாளில் யாரும் கேட்பதில்லை. நல்ல வம்சமும் வெற்றிகளும் உள்ள பெண் குதிரையானால் பண்ணைகள் இனப்பெருக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு கடைசி வகுப்பு வெற்றி உள்ளவளுக்கு அந்தக் கதவு திறக்காது. குதிரையேற்றப் பள்ளி, காவல்துறைக் குதிரைப்படை, கடற்கரைச் சவாரி என்று போகும் வழிகள் சில. அங்கிருந்து பிறகு எங்கே போகும் என்று நினைத்தால் தூக்கம் வராத வழிகளும் உண்டு. நாங்கள் நான்கு மாதம் தேடி, கால் ஆறும் வரை செலவை நாங்களே ஏற்பதாகச் சொல்லி, ஊருக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்தோம். அதற்கும் படிவம் உண்டு: உரிமை மாற்றம், இனிப் பந்தயத்துக்கு இல்லை என்ற குறிப்போடு. விலகிப்போன ஐந்தாமவரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அதை மட்டும் அவர் மறுக்கவில்லை.

அனுப்பிவைக்கும் நாளில் வண்டியில் கூடப் போக வேண்டிய கடமை சைஸுக்கு இல்லை. வேறு இரண்டு குதிரைகள் அவர் பொறுப்பில் வந்துவிட்டிருந்தன. ஆனாலும் ஏறி உட்கார்ந்துகொண்டார். போய்ச் சேர்ந்ததும் புதிய லாயக்காரரிடம், எந்தப் பக்கத்திலிருந்து போனால் மிரள்வாள், ஓட்ஸை எவ்வளவு குறைக்க வேண்டும், வயிறு முறுக்கினால் முதல் அறிகுறி என்ன என்று அரைமணி நேரம் சொன்னார். நான் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும், குதிரையைக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் மூன்றாண்டுகளில் ஒருமுறை, தைப்பொங்கலுக்கு மறுநாள், ஒரு பொட்டலம் வெல்லத்தோடு லாயத்துக்கு வந்து அவளைப் பார்த்திருக்கிறார்.

“வண்டிக்கு யார் கொடுத்தா?” என்று கேட்டார்.

“நாங்கதான். ஒன்பதாயிரம்.”

“உன் பங்கு எவ்வளவு கட்டினே?”

ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1,800 ரூபாய். 2,250 என்றேன்.